மாஃபே எனும் மேற்கு ஆப்பிரிக்க நிலக்கடலை இறைச்சிக் குழம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஃபே என்பது என்ன? அது எந்த நாட்டு உணவு?

இறைச்சியையும் கிழங்கு, காய்களையும் வறுத்தரைத்த நிலக்கடலை விழுதில் நெடுநேரம் கொதிக்கவைத்துச் செய்யும் கெட்டியான குழம்பே மாஃபே. இன்றைய மாலி நாட்டுப் பகுதியில் வாழும் மண்டிங்கா, பம்பாரா மக்களிடமிருந்து வந்ததாகக் கருதப்படும் இது செனகல், காம்பியா, கினி, ஐவரி கோஸ்ட் எனப் பல நாடுகளின் அன்றாடச் சாப்பாடாக இருக்கிறது. பம்பாரா மொழியில் இதற்குத் திகாதெகேனா என்று பெயர். திகா என்றால் நிலக்கடலை, தெகே என்றால் விழுது, னா என்றால் குழம்பு. செனகலில் வொலோஃப் மொழி பேசுவோர் இதை மாஃபே என்கிறார்கள். ஆடு, மாடு ஆகியவற்றின் இறைச்சி சேர்ந்தால் மாஃபே யாப், கோழி சேர்ந்தால் மாஃபே கினார். காம்பியாவில் இதே குழம்புக்கு டொமோடா என்று பெயர். ஆனால் எல்லை தாண்டிச் செனகலுக்குள் சென்று டொமோடா கேட்டால், மாவு கரைத்துக் கெட்டியாக்கிய, கடலை சேராத வேறொரு தக்காளிக் குழம்புதான் வரும். ஆகவே சமையல் குறிப்புகளைத் தேடுகிறவர்கள் பெயரை மட்டும் பார்க்காமல், பொருள்களில் கடலை விழுது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

நிலக்கடலை ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிரா?

இல்லை. அது தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தது. அங்குள்ள மக்கள் அதை விரைவாக ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மண்ணுக்கடியில் காய்க்கும் பம்பாரா கடலை என்ற பருப்பு வகையை அவர்கள் அதற்கு முன்பே பயிரிட்டு, இடித்து, குழம்பாக்கி உண்டுவந்தார்கள். அதே வேலைக்கு அதைவிட எண்ணெய்ச்சத்து மிகுந்த பருப்பு ஒன்று கிடைத்தபோது கைப்பழக்கம் ஆயத்தமாகவே இருந்தது. தமிழ்நாட்டுக்கும் நிலக்கடலை கடல் தாண்டி வந்ததுதான். மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று வட மாவட்டங்களில் வழங்கும் பெயர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவை இன்றும் நினைவூட்டுகின்றன.

செனகலில் இந்தப் பயிர் பெருகியதற்குப் பசி மட்டும் காரணமன்று. 1840களிலிருந்து பிரெஞ்சு வணிகர்கள் எண்ணெய்க்காகவும் மார்சே நகரச் சோப்பு ஆலைகளுக்காகவும் கடலையை ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். 1885இல் டக்கார் நகரையும் செயின்ட் லூயி நகரையும் இணைத்த ரயில் பாதை கடலை விளையும் நிலங்களின் ஊடாகப் போடப்பட்டது. கவோலாக் நகரம் கடலைத் துறைமுகமாகவே வளர்ந்தது. உணவுத் தானியம் விளைந்த நிலம் ஏற்றுமதிப் பயிருக்குப் போனதால், அரிசி வெளியிலிருந்து வரவேண்டியதாயிற்று. கடலைக் குழம்பும் இறக்குமதி அரிசியும் ஒரே தட்டில் சேர்ந்ததன் பின்னணியில் இந்த வரலாறு இருக்கிறது.

ஆறு பேருக்குச் சமைக்க எவ்வளவு பொருள்கள் வேண்டும்?

எலும்புடன் கூடிய ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சி 1 கிலோ, இனிப்புச் சேராத கடலை விழுது 250 கிராம், பெரிய வெங்காயம் 2, பூண்டு 5 பல், பழுத்த தக்காளி 2, கெட்டியான தக்காளி விழுது 3 மேசைக்கரண்டி, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். காய்களில் மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு 250 கிராம், கேரட் 2, சிறிய முட்டைக்கோஸில் கால் பங்கு. இவற்றோடு பிரிஞ்சி இலை 2, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, காரமான முழு மிளகாய் ஒன்று, தேவையான உப்பு. எண்ணெயின் அளவைக் கூட்ட வேண்டாம். கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான் என்பதால், 250 கிராம் விழுது தன்னுள் 120 கிராம் அளவுக்கு எண்ணெயைக் கொண்டுவருகிறது.

கடலை விழுதை வீட்டிலேயே அரைக்கலாமா?

அரைக்கலாம், முடிந்தவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. 300 கிராம் பச்சைக் கடலையை அடிகனமான வாணலியில் சிறு தீயில், கை ஓயாமல் கிளறி வறுக்க வேண்டும். தோல் தானாக விலகி, பருப்பு இளம்பொன் நிறத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். கருகிய கடலையின் கசப்பு ஒரு மணி நேரம் கொதித்தாலும் குழம்பை விட்டுப் போகாது. ஆறியபின் தோலைத் தேய்த்துப் புடைத்துவிட்டு, ஈரமில்லாத மிக்சி பாத்திரத்தில் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். முதலில் பொடியாகும், பிறகு உருண்டு பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும், அதன் பிறகே எண்ணெய் விட்டு வழியும் விழுதாகும். பொடியான நிலையிலேயே பலர் பொறுமை இழந்து தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். அப்படி அரைத்தது சட்னி ஆகுமே தவிர, மாஃபேக்கு உரிய விழுது ஆகாது. மிக்சி சூடேறினால் நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு, சில நிமிடம் கழித்துத் தொடரலாம்.

கடையில் விற்கும் பீனட் பட்டரைப் பயன்படுத்தலாமா?

பொருள் பட்டியலில் கடலை மட்டுமோ, கடலையும் உப்பும் மட்டுமோ இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ரொட்டியில் தடவுவதற்கென்று சர்க்கரையும், எண்ணெய் பிரியாமலிருக்கக் கெட்டிக் கொழுப்பும் சேர்த்துச் செய்த வகைகளைத் தவிர்க்க வேண்டும். இக்குழம்பு பதமாகிவிட்டதை நமக்குச் சொல்வதே பிரிந்து மேலெழும் எண்ணெய்தான். அதைப் பிரியவிடாமல் தடுப்பதற்கென்றே செய்த பொருளைப் போட்டுவிட்டுப் பதம் பார்ப்பது கடினம்.

எந்த இறைச்சி பொருத்தமானது?

நெடுநேரம் வேகக்கூடிய, எலும்பும் சவ்வும் உள்ள பகுதியே பொருத்தம்: ஆட்டின் முன்னங்கால், கழுத்து, மாட்டின் கால்சதை போன்றவை. மென்மையான தொடைக்கறித் துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்தால், குழம்பு பதமாகும் முன் அவை நாராகிவிடும். எலும்பின் சாறும் கிடைக்காது. செனகலிலும் மாலியிலும் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள் ஆதலால் பன்றி இறைச்சி வழக்கத்தில் இல்லை. கோழி என்றால் நாட்டுக்கோழியே சரி. பிரெஞ்சு பேசும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் தெருவில் ஓடித் திரிந்து வளரும் கோழியைச் சைக்கிள் கோழி என்று அழைக்கிறார்கள். இறுகிய சதை கொண்ட அந்தக் கோழியின் இடத்தை நம் ஊரில் நாட்டுக்கோழிதான் நிரப்பும். பிராய்லர் கோழியாக இருந்தால், கடலை விழுது அரைப் பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும்.

செய்முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

அடிகனமான பெரிய பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து, உப்பும் மிளகும் தடவிய இறைச்சியைச் சிறிது சிறிதாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து எடுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் நீர் விட்டு வேகத் தொடங்கிவிடும், சிவக்காது. அதே எண்ணெயில் நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறும்வரை வதக்கி, நசுக்கிய பூண்டைச் சேர்த்து, பிறகு தக்காளி விழுதைப் போட்டு ஐந்தாறு நிமிடம் கிளற வேண்டும். இந்த ஐந்தாறு நிமிடத்தில் அவசரப்படக் கூடாது. தக்காளி விழுதின் பச்சை வாடையும் கூரிய புளிப்பும் அடங்கி, நிறம் செங்கல் சிவப்பிலிருந்து பழுப்பு கலந்த சிவப்புக்கு மாறும்போதுதான் அது கடலையோடு ஒத்துப்போகும்.

அடுத்து அரைத்த தக்காளி, வறுத்த இறைச்சி, பிரிஞ்சி இலை, தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து, மூடி, இறைச்சி முக்கால் பங்கு வேகும்வரை சிறு தீயில் வைக்க வேண்டும். ஆட்டிறைச்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். முற்றிய மாட்டிறைச்சிக்குக் கூடுதலாக அரை மணி தேவைப்படலாம்.

இப்போதுதான் கடலை விழுது. அதைக் குழம்பில் நேராகப் போடக் கூடாது. தனிக் கிண்ணத்தில் விழுதை வைத்து, பாத்திரத்திலிருந்து சூடான சாற்றை ஒவ்வொரு கரண்டியாக எடுத்து ஊற்றிக் கரைக்க வேண்டும். முதல் இரண்டு கரண்டிக்கு விழுது இளகுவதற்குப் பதிலாக மேலும் இறுகும். இதைக் கண்டு நான் முதன்முறை பயந்துபோய் அப்படியே பாத்திரத்தில் கொட்டிவிட்டேன், கட்டிகள் கடைசிவரை கரையவே இல்லை. கடலையிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் முதலில் வரும் கொஞ்ச நீரை உறிஞ்சிப் பிணைந்துகொள்வதால் இப்படி ஆகிறது. தொடர்ந்து சாறு ஊற்றிக் கலக்கினால் மோர்க்குழம்பின் பதத்துக்கு இளகிவிடும். அதன் பிறகு குழம்பில் ஊற்றி, முழு மிளகாயைப் போட்டு, தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வைக்கலாம்.

இதிலிருந்து குழம்பு 40 முதல் 50 நிமிடம் கொதிக்கும். மரவள்ளியும் முட்டைக்கோஸும் விழுது சேர்த்த பத்தாம் நிமிடத்தில் போக வேண்டும், கேரட் அதற்குப் பத்து நிமிடம் கழித்து, சர்க்கரைவள்ளி கடைசி 15 நிமிடத்தில். மரவள்ளியின் தோலையும் நடு நரம்பையும் நீக்கி, நன்கு வெந்துவிட்டதை உறுதிசெய்வது அவசியம். முட்டைக்கோஸைப் பொடியாக அரியாமல், தண்டோடு பெரிய துண்டங்களாக வெட்டினால் உதிராமல் நிற்கும். எல்லா நேரமும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மரக்கரண்டியால் அடியைத் தடவிக் கிளற வேண்டும். கடலைக் குழம்பு அடிபிடிப்பதில் பாயசத்துக்குச் சமம்.

குழம்பு தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செம்பொன் நிறத்தில் எண்ணெய் பிரிந்து மேலே திட்டுத்திட்டாக மிதக்கும். தமிழ்ச் சமையலில் எண்ணெய் பிரிந்து வரும் பதம் என்று சொல்கிறோமே, அதே அடையாளத்தைத்தான் மாலியின் தலைநகர் பமாக்கோவிலும் செனகலின் டக்காரிலும் சமைப்பவர்கள் பார்க்கிறார்கள். தொடக்கத்தில் கடலையின் எண்ணெய், புரதத்தாலும் மாவுச்சத்தாலும் சூழப்பட்டு நீரோடு கலந்து நிற்கிறது; அதனால் குழம்பு வெளிறிய பழுப்பாக, பால் கலந்ததுபோல் தெரியும். கொதிக்கக் கொதிக்க நீர் குறைந்து, புரதம் வெந்து இறுகி, எண்ணெயைப் பிடித்து வைத்திருந்த பிணைப்பு தளர்கிறது. அப்போது நிறம் அடர்த்தியாகி, வாயில் ஒட்டும் மாவுத்தன்மை நீங்கி, கடலையின் மணம் இறைச்சிச் சாற்றோடு ஒன்றாகிவிடும். எண்ணெய் வராத நிலையில் இறக்கிய குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மாஃபே திகட்டுகிறது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சாப்பிட்டது பாதி வெந்த மாஃபே.

40 நிமிடம் கடந்தும் எண்ணெய் வரவில்லையென்றால், பெரும்பாலும் தண்ணீர் அதிகம் அல்லது தீ போதவில்லை. மூடியை முழுவதும் எடுத்துவிட்டு மேலும் 15 நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்கவிடலாம். மேலே மிதக்கும் எண்ணெய் அதிகம் என்று தோன்றினால், பரிமாறும்போது கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். அதற்காகச் சமையலைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

பிரஷர் குக்கரில் செய்யலாமா?

இறைச்சியை மட்டும் குக்கரில் வேகவைத்துக்கொள்ளலாம். கடலை விழுது கரைத்த பிறகு குக்கரை மூட வேண்டாம். கெட்டியான குழம்பு அடியில் ஒட்டிக் கருகும், பொங்கி வால்வை அடைக்கவும் கூடும்.

மிளகாயை ஏன் முழுதாகப் போடச் சொல்கிறீர்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவில் பயன்படுவது ஹபனேரோ குடும்பத்தைச் சேர்ந்த, குடைபோல் சுருங்கிய சிறு மிளகாய். அதற்குக் கடுங்காரத்தோடு பழவாசனையும் உண்டு. கீறாமல் காம்போடு குழம்பில் மிதக்கவிட்டால் வாசனை இறங்கும், காரம் அளவாக இருக்கும். இறக்கியபின் மிளகாயைத் தனியே எடுத்து வைத்தால், காரம் வேண்டியவர் தம் பங்கில் நசுக்கிக்கொள்ளலாம். குழந்தைகளும் முதியவர்களும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடும் வீடுகளுக்கு ஏற்ற ஏற்பாடு இது. இலங்கையில் இருப்பவர்களுக்கு அதே இனத்தைச் சேர்ந்த நை மிரிஸ் கிடைக்கும். அதுவும் கிடைக்காதவர்கள் இரண்டு பச்சைமிளகாயை முழுதாகப் போடலாம். காரம் வரும், அந்தப் பழவாசனை வராது.

கரம் மசாலா, தேங்காய்ப்பால், கறிவேப்பிலை சேர்த்தால் சுவை கூடாதா?

சுவை மாறும். பட்டை, கிராம்பு, சோம்பு ஆகியவற்றின் மணம் கடலையின் மணத்தை மூடிவிடும். அதன் பிறகு அது கடலை சேர்த்த நம் ஊர்க் கறிக்குழம்பாகவே இருக்கும். அதுவும் உண்ணத்தக்கதே, ஆனால் அதை மாஃபே என்று அழைப்பது அதைப் பல தலைமுறைகளாகச் சமைத்துவரும் மக்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. வறுத்த கடலை, சிவந்த இறைச்சி, அடங்கிய தக்காளி, இம்மூன்றையும் காலம் எடுத்து இணைப்பதுதான் இக்குழம்பின் சுவை. தேங்காய்ப்பாலும் தேவையில்லை, கடலையே போதிய கொழுப்பைத் தருகிறது. புளிப்புச் சிறிது வேண்டும் என்று நினைப்பவர்கள், காம்பியாவில் டொமோடாவுக்குச் செய்வதுபோல் இறக்கும் நேரத்தில் அரை எலுமிச்சம்பழம் பிழியலாம்.

நெதெது என்று குறிப்புகளில் வருகிறதே, அது என்ன?

ஒருவகை மரத்தின் விதைகளை வேகவைத்துப் புளிக்கவைத்து உலர்த்திய சுவையூட்டி. வொலோஃப் மொழியில் நெதெது, பம்பாராவில் சும்பலா, ஹவுசாவில் தவதவா. முகர்ந்தால் கருவாட்டை நினைவூட்டும் கடுமையான வாசனை. குழம்பில் கரைந்ததும் ஆழமான உவர்சுவையாக மாறிவிடும். கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், எல்லா வீடுகளிலும் மாஃபேக்கு அதைப் போடுவதில்லை. இன்று நகரங்களில் அதன் இடத்தைச் சூப் கட்டிகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. அவற்றைச் சேர்ப்பவர்கள் உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே போட வேண்டும்.

கானா நாட்டுக் கடலைச் சூப்பும் இதுவும் ஒன்றுதானா?

உறவு உண்டு, ஒன்றல்ல. அகான் மொழியில் என்கத்தெங்குவான் எனப்படும் அந்தச் சூப் ரசத்துக்கும் குழம்புக்கும் இடைப்பட்ட நீர்ப்பதத்தில் இருக்கும். இஞ்சி சேரும், கிழங்குகள் உள்ளே போகா. கிழங்கும் வாழைக்காயும் இடித்துச் செய்யும் ஃபுஃபுவையோ, குழைந்த சோற்றை உருட்டிச் செய்யும் ஓமோ துவோவையோ நடுவில் வைத்து, சுற்றிலும் சூப்பை ஊற்றிக் கையால் எடுத்து உண்பார்கள். கடலை விழுதைக் கொஞ்சம் நீரோடு தனியாக அடுப்பில் வைத்து, எண்ணெய் கக்கும்வரை கிளறிவிட்டுப் பிறகு சூப்பில் கரைக்கும் வழக்கம் அங்கே உண்டு. மாஃபே செய்கிறவர்களும் இந்த உத்தியைக் கையாளலாம், அடிபிடிக்கும் தொல்லை குறைகிறது.

எதனுடன் பரிமாறுவது?

வெறும் வெள்ளைச் சோற்றுடன். செனகலில் மிகவும் விரும்பப்படுவது உடைந்த அரிசி, அதாவது நம் குருணை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து மலிவாக வந்து இறங்கிய குருணையே அங்கு பழகிய சுவையாகி, இன்று வேண்டி விரும்பி வாங்கும் அரிசியாகிவிட்டது. இந்தியாவும் அதை அனுப்பும் நாடுகளில் ஒன்று. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடைசெய்தபோது செனகலும் காம்பியாவும் கவலைப்பட்டன. அந்நாட்டு அரசுகளின் வேண்டுகோளின் பேரில் 2023இல் அவற்றுக்கு விதிவிலக்கு தரப்பட்டது. நம் ஊரில் மாவுக்கும் கஞ்சிக்கும் ஒதுக்கும் குருணையை ஒருமுறை கழுவி, ஆவியில் வேகவைத்து இந்தக் குழம்போடு உண்டு பாருங்கள். சிறு துண்டுகள் கெட்டிக் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும் விதம் முழு அரிசியில் கிடைப்பதில்லை.

பரிமாறும் முறையும் அழகானது. ஒரே அகன்ற பாத்திரத்தில் சோற்றைப் பரப்பி, அதன்மேல் குழம்பை ஊற்றி, இறைச்சியையும் காய்களையும் நடுவில் வைப்பார்கள். சுற்றி அமர்ந்தவர்கள் தம் முன் உள்ள பகுதியிலிருந்து மட்டும் வலக்கையாலோ கரண்டியாலோ எடுத்து உண்பார்கள். நடுவிலுள்ள இறைச்சியைப் பிட்டு ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. விருந்தாளியின் பக்கம் நல்ல துண்டுகள் போய்ச் சேரும்.

கடலை தொடர்பாகக் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் எவை?

இரண்டு. முதலாவது ஒவ்வாமை. கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு மிகச் சிறிய அளவும் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகையால் விருந்தினரை அழைக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்குத் தனியாகச் சமைத்தாலும், ஒரே கரண்டியையும் ஒரே மிக்சியையும் பயன்படுத்தினால் பயனில்லை.

இரண்டாவது பூஞ்சை. ஈரம் பட்ட கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தீவனம் தின்ற வான்கோழிகள் பெருமளவில் இறந்தபோதுதான் இது அறிவியல் கவனத்துக்கு வந்தது. கல்லீரலைத் தாக்கும் இந்த நஞ்சு வீட்டுச் சமையலின் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. எனவே சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த, கசக்கும் கடலைகளை வறுக்கும் முன்பே பொறுக்கி எறிய வேண்டும். இந்த வேலையைச் சோம்பலால் தவிர்க்காதீர்கள்.

மீந்த குழம்பை எப்படி வைத்துக்கொள்வது?

ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் கெட்டியாகி உறைந்ததுபோல் இருக்கும். அரைக் குவளை வெந்நீர் ஊற்றிச் சிறு தீயில் கிளறினால் இளகி, எண்ணெய் மறுபடி மேலே வரும். உறைநிலைப் பெட்டியில் வைப்பதாக இருந்தால் கிழங்குகளை எடுத்துவிட வேண்டும், உருகும்போது அவை சொதசொதவென்று ஆகிவிடும். சோற்றைக் குழம்போடு கலந்து வைக்காமல் அன்றன்று புதிதாக வடித்துக்கொள்ள வேண்டும்.